ஐந்து வருஷப் படிப்பு ஏழு வருஷம் ஆவது ஏன்?

போன மாதம் அமெரிக்க சர்ஜரி ரெசிடென்சி, அதாவது டாக்டர் பட்டத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் எடுக்கும் சிறப்புப் பயிற்சி, பற்றிய ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் எழுதும்போது, "நடுவில் இரண்டு வருஷம் ஆராய்ச்சிக்கு விடுவார்கள், நான் கணைய லேபுக்குப் போனேன்" என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றியே இருக்கின்றன. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

என் மகன் அமெரிக்காவில் சர்ஜரி ரெசிடென்சி மூன்று வருஷம் முடித்துவிட்டான். இப்போது திடீரென்று, இரண்டு வருஷம் ஆபரேஷன் பக்கமே போகாமல் கணையத்தைப் பற்றி லேபில் வேலை செய்யப் போகிறேன் என்கிறான். பெயிலானதை மறைக்கிறானோ என்று அவன் அம்மாவுக்குப் பயம். பெண் பார்க்கும் இடத்தில் என்ன சொல்வது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

ஐயா, முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், இதில் பெயிலும் இல்லை, மறைப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஜெனரல் சர்ஜரிக்கு அங்கே நோயாளிகளோடு இருக்க வேண்டிய காலம் 5 வருஷம். பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகள் பலவற்றில், இரண்டாவது அல்லது மூன்றாவது வருஷம் முடிந்ததும், இரண்டு வருஷம் ஆராய்ச்சிக்கு விடுவார்கள். சில இடங்களில் ஒன்று, சில இடங்களில் மூன்று. அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் டியூட்டி. ரெசிடென்டுகள் இதை "லேப் இயர்ஸ்" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள்.

இதற்கான பணம் வரும் முக்கியமான வழி டி32 என்கிற மானியம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம், அதாவது என்.ஐ.எச்., இதை ஆளுக்கு நேரடியாகக் கொடுப்பதில்லை. உங்கள் துறையில் ஆராய்ச்சி கற்றுக்கொள்ள இத்தனை பேருக்கு இடம் என்று பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிறது, துறை ஆள் தேர்ந்தெடுக்கிறது. ஸ்டைபண்ட், அதாவது உதவித்தொகை, 2024 கணக்கில் ஆரம்பப் படியில் ஆண்டுக்கு 61,008 டாலர், அனுபவத்துக்கு ஏற்ப ஏறும். துறையே வேறு நிதியிலிருந்து சம்பளம் கொடுப்பதும் உண்டு. உங்கள் மகனுக்கு எந்த வழி என்று அவனிடமே கேளுங்கள், மனசு லேசாகும்.

ஏன் கணையம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் ஒளிந்திருக்கும் உறுப்பு அது. அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டில் 66,440 பேருக்குக் கணையப் புற்றுநோய் வரும், 51,750 பேர் இறப்பார்கள் என்று அமெரிக்கப் புற்றுநோய் சங்கம் மதிப்பிட்டது. ஐந்து வருஷம் தாண்டி உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு 13 பேர். கண்டுபிடிக்கும்போதே வெட்டி எடுக்கிற நிலையில் இருப்பது ஐந்தில் ஒருவருக்குத்தான், சில கணக்குகளில் அதற்கும் குறைவு. எவ்வளவு கைதேர்ந்த சர்ஜனாக இருந்தாலும் மீதி நாலு பேருக்குக் கத்தியால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்த பிறகு, உங்கள் பையன் லேபுக்குப் போகிறான் என்றால் எனக்கு அவன் மேல் மரியாதைதான் வருகிறது.

பெண் வீட்டாரிடம் "படிப்பு மொத்தம் 7 வருஷம், அதில் 2 வருஷம் ஆராய்ச்சி, சம்பளம் உண்டு" என்று சொல்லுங்கள், போதும்.

லேபில் ஒரு நாள் எப்படிப் போகும்? சர்ஜன் அங்கே உட்கார்ந்து என்னதான் செய்வார்?
(இறுதியாண்டு மருத்துவ மாணவி, கோவை)

உட்காரவே நேரம் இருக்காதும்மா. என் லேபில் கணைய அழற்சி, அதாவது கணையம் வீங்கிப் புண்ணாகும் நோய், பற்றி வேலை. அதை எலிக்கு வரவைக்க ஒரு மருந்து உண்டு, பெயர் செருலீன். ஆஸ்திரேலியப் பச்சைத் தவளை ஒன்றின் தோலிலிருந்து, 1960களில் இத்தாலிய விஞ்ஞானி எர்ஸ்பாமரின் குழு முதலில் பிரித்தெடுத்த பொருள் அது. சாப்பிட்டதும் கணையத்தை "சுரந்துவிடு" என்று தூண்டுகிற நம் உடம்பின் ஹார்மோன் ஒன்று இருக்கிறதே, கொலிசிஸ்டோகைனின், கிட்டத்தட்ட அதே வேலையை இது செய்யும். அளவுக்கு மீறிக் கொடுத்தால், குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய செரிமான நொதிகள் கணையச் செல்லுக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதையே செரிக்க ஆரம்பிக்கும். கணையம் தன்னைத்தானே தின்கிறது என்று ஹான்ஸ் கியாரி 1896லேயே சொல்லிவிட்டார். அந்த முதல் சில நிமிடங்களில் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதில் இன்றைக்கும் வேலை பாக்கி இருக்கிறது.

காலை 8 மணிக்கு முதல் ஊசி, அப்புறம் மணிக்கொன்றாக மதியம் 3 மணி வரை. 25 கிராம் எடை உள்ள எலி, வயிற்றில் மெல்லிய ஊசி, ஒவ்வொன்றுக்கும் காதில் நம்பர். நடுவில் கிடைக்கும் நாற்பது நிமிடத்தில் சாப்பாடு, நோட்டு எழுதுவது, அடுத்த ஊசிக்கு மருந்து எடுத்து வைப்பது.

என் முதல் தவறைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். மனிதக் கணையம்போல் எலியின் கணையம் ஒரு திடமான உறுப்பாக இருக்காது, பாலாடை மாதிரி குடலுக்கும் மண்ணீரலுக்கும் இடையில் படர்ந்து கிடக்கும். அதை எடுத்து, செல்லில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்.என்.ஏ.வைப் பிரிக்க வேண்டும். நான் ஆபரேஷன் தியேட்டரில் பழகிய மாதிரியே நிதானமாக, அழகாக, ரத்தம் சிந்தாமல் பிரித்து எடுத்தேன், பிறகு அறையின் மறுமூலையில் இருந்த திரவ நைட்ரஜன் குடுவைக்கு நடந்து போய் அதில் போட்டேன். ஆர்.என்.ஏ. சிதையாமல் இருந்தால், ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது தெளிவாக இரண்டு கோடு தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்தது தண்ணீர் பட்ட மைபோல ஒரு கலங்கல். நாலு வாரம் அதே கலங்கல். கணையத்தில் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி மற்ற உறுப்புகளைவிட மிக அதிகம். நான் அழகு பார்த்துக்கொண்டிருந்த நிமிடங்களில் எல்லாம் கரைந்து போயிருக்கிறது. அங்கே வெகுநாளாக வேலை பார்த்த டெக்னீஷியன் அம்மா ஒருவர்தான் பக்கத்தில் நின்று காட்டினார்: குப்பிகளுக்கு முதல் நாளே பெயர் எழுதி வை, நைட்ரஜனை எலிக்கு ஒரு கை தூரத்தில் வை, வயிற்றைத் திறந்ததும் முதல் வேலை கணையம், மற்றதெல்லாம் பிறகு. அடுத்த முறை இரண்டு கோடும் பளிச்சென்று வந்தன.

இன்றைக்கு விப்பிள் ஆபரேஷனில், அதாவது கணையத்தின் தலைப் பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷனில், மீதிக் கணையத்தைக் குடலோடு இணைத்துத் தைக்கும்போது, அந்தத் திசு மிருதுவாக இருந்தால், வெண்ணெயில் தையல் போடுகிற மாதிரி இருக்கும், ஒரு இழுப்பு கூடினால் கிழியும், கிழிந்தால் கசியும், கசிவது அதே நொதிகள். அந்த நொதி என்ன செய்யும் என்று என் கண்ணால் பார்த்திருப்பதால் என் கை தானாகவே மெதுவாகிறது.

நான் ஜே-1 விசாவில் (வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வருபவர்களுக்கான விசா) ரெசிடென்ட். கணையப் புற்றுநோயில் ஆராய்ச்சி செய்ய ஆசை. எனக்கு டி32 கிடைக்குமா?
(ரெசிடென்ட், மிச்சிகன்)

கிடைக்காது தம்பி. டி32க்கும், தனி ஆளாக என்.ஐ.எச்.சிடம் விண்ணப்பிக்கும் எஃப்32க்கும் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பலர் இதைக் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள், எனக்கு அது எப்போதும் வருத்தம்.

ஆனால் கதவு அடைத்துவிடவில்லை. உங்கள் வழிகாட்டி தன் சொந்த ஆராய்ச்சி மானியத்திலிருந்து உங்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம், அதற்குக் குடியுரிமை விதி இல்லை. துறையின் சொந்த நிதி, நோயாளிகளின் குடும்பங்கள் நடத்தும் அறக்கட்டளைகள், அறுவை சிகிச்சைச் சங்கங்களின் உதவித்தொகைகள் என்று இன்னும் வழிகள் உண்டு, ஒவ்வொன்றின் விதியையும் தனித்தனியாகப் படியுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஜே-1 மருத்துவர் விசாவுக்குச் சாதாரணமாக மொத்தம் 7 வருஷம்தான் எல்லை. 5 வருஷ ரெசிடென்சி, 2 வருஷ ஆராய்ச்சி என்று போய்விட்டால், பிறகு கணைய அறுவை சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி எடுக்க வருஷம் இருக்குமா? ஆராய்ச்சிக் காலம் எந்த வகையில் கணக்காகும் என்பதை உங்கள் ஆஸ்பத்திரியின் பயிற்சி அலுவலகத்திலும் விசா வக்கீலிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் லேபுக்கு "சரி" சொல்லுங்கள். வாய் வார்த்தை போதாது.

கிரீன் கார்டு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டி32இல் முதல் 12 மாதத்துக்கு வாங்கும் பணத்துக்குத் திருப்பிச் செலுத்தும் கடமை உண்டு. இரண்டாவது வருஷமும் பயிற்சியில் தொடர்ந்தால் அதுவே அந்தக் கடமையைத் தீர்த்துவிடும். ஒரே வருஷத்தில் வெளியே வந்தால் பிறகு ஆராய்ச்சியோ கற்பித்தலோ செய்து கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் பணமாகக் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடும் தாளில் இது இருக்கும், படிக்காமல் போடாதீர்கள்.

இரண்டு லேபில் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. ஒன்று உலகப் புகழ் பெற்றவருடையது. இன்னொன்று அவ்வளவாகப் பெயர் தெரியாத ஒரு பெண் சர்ஜனுடையது, சின்ன லேப். எதை எடுப்பது? இந்த இரண்டு வருஷத்தில் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறோம்.
(ரெசிடென்ட், டெக்சாஸ்)

தங்கச்சி, எனக்கு இதில் உறுதியான கருத்து இருக்கிறது. தலைப்பைப் பார்த்தும் எடுக்காதீர்கள், பெயரைப் பார்த்தும் எடுக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் உங்களோடு உட்கார்ந்து உங்கள் தரவைப் பார்க்கப் போகிறவர் யார் என்று மட்டும் பாருங்கள்.

என் முதல் வருஷம் ஒரு பெரிய மனிதரின் கீழே போனது. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அவரை அந்த 12 மாதத்தில் நான் தனியாகச் சந்தித்தது மூன்று முறை. மூன்றாவது முறை சந்தித்தபோது என் பெயரை வேறொரு ரெசிடென்டின் பெயரோடு குழப்பிக்கொண்டார். நான் எட்டு மாதம் ஓட்டிய சோதனையில், ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கட்டுப்பாட்டுக் குழுவே தவறாக அமைந்திருந்தது, அதை யாரும் பார்த்துச் சொல்லவில்லை. இரண்டாவது வருஷம், அவரோடு வேலை பார்த்த இன்னொருவரிடம் மாறினேன். அவரிடம் பணமும் ஆளும் குறைவு. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இந்த வாரம் எது வேலை செய்யவில்லை, அதை முதலில் காட்டு" என்பார். நான் கற்றுக்கொண்டது எல்லாம் அந்த வெள்ளிக்கிழமைகளில்தான்.

ஆகவே முடிவு செய்யும் முன் அந்த இரண்டு லேபிலும் ஏற்கெனவே இருந்துவிட்டு வந்த ரெசிடென்டுகளுக்குப் போன் போடுங்கள். மின்னஞ்சலில் எல்லோரும் நல்லதுதான் எழுதுவார்கள். உன் பெயர் முதலில் வந்த கட்டுரை எத்தனை, உன் வழிகாட்டியைக் கடைசியாக எப்போது பார்த்தாய், அவர் மானியம் எந்த வருஷம் முடிகிறது, லேபில் தினமும் கற்றுக்கொடுப்பது யார், இவற்றைக் கேளுங்கள். கணையப் புற்றுநோய் என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும்: எலி வைத்து வேலையா, திசு வைத்து வேலையா? கே-ராஸ், பி-53 என்ற இரண்டு மரபணுக்களையும் கணையத்தில் மட்டும் மாற்றி 2005இல் உருவாக்கிய கே.பி.சி. எலி மனித நோய்க்கு மிக நெருக்கமானது, ஆனால் இனம் சேர்த்து, கட்டி வரக் காத்திருந்து முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அந்த எலிகள் லேபில் தயாராக இல்லையென்றால் உங்கள் முதல் வருஷம் குஞ்சு எண்ணுவதிலேயே போகும். நோயாளியின் கட்டியிலிருந்தே சின்னச் சின்ன உருண்டைகளாக வளர்க்கும் ஆர்கனாய்டு முறை 2015க்குப் பிறகு கணையத்தில் நன்றாகப் பரவிவிட்டது. தியேட்டரிலிருந்து திசு ஒழுங்காக வரும் இடமாக இருந்தால் இரண்டு வருஷத்துக்குள் முடிக்க அது தோதானது.

குழந்தை விஷயம்: தாராளமாக. ராத்திரி டியூட்டி இல்லாத இந்தக் காலத்தில்தான் பலர் பெற்றுக்கொள்கிறார்கள். டி32இல் பிரசவத்துக்கோ தத்தெடுப்புக்கோ தாய், தந்தை இருவருக்கும் ஸ்டைபண்டோடு 60 நாள் வரை விடுப்பு உண்டு. வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதே எந்த லேப் என்ற கேள்விக்குப் பாதி பதில்.

இரண்டு வருஷம் கத்தியைத் தொடாவிட்டால் கை மறந்துவிடாதா?
(பல் மருத்துவர், சேலம்)

கொஞ்சம் மறக்கும். முதல் மாதம் முடிச்சுப் போடுவதில்கூட ஒரு தயக்கம் வரும், ஆறேழு வாரத்தில் திரும்பிவிடும். எனக்குக் கைக்கு முன்னால் துருப்பிடித்தது முடிவெடுக்கும் வேகம், ராத்திரி 2 மணிக்கு நர்ஸ் கூப்பிட்டால் என்ன சொல்வது என்பது. அதனால் வாரம் ஒரு நாள் கணைய நோயாளிகளின் வெளிநோயாளர் பிரிவில் போய் நில்லுங்கள், வருடாந்தரப் பயிற்சித் தேர்வை லேபில் இருக்கும்போதும் எழுதுங்கள்.

என் அண்ணனுக்கு 2003இல் கடுமையான கணைய அழற்சி வந்தது. வயிற்றைத் திறந்து அழுகிய பகுதியை எடுத்தார்கள், நாலு முறை. பிழைக்கவில்லை. இந்த ஆராய்ச்சிகளால் எங்களைப் போன்றவர்களுக்கு எதாவது மாறியிருக்கிறதா?
(வாசகி, திருச்சி)

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாறியிருக்கிறது. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர்கள் நான் மேலே சொன்ன மாதிரி பயிற்சியில் இருந்த இளம் டாக்டர்கள் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

நெதர்லாந்தில் கணைய அழற்சிக்கென்று ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு ஆய்வுக் குழு வைத்திருக்கின்றன. சர்ஜரி படிக்க வரும் இளைஞர்கள் சில வருஷம் முழுநேரமாக அதில் சேர்ந்து, நாடு முழுவதும் நோயாளிகளைச் சேர்த்துச் சோதனை நடத்தி, அதையே முனைவர் பட்டத்துக்கும் எழுதுவார்கள். அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது நல்ல பாக்டீரியா கொடுத்தால் கிருமித் தொற்று குறையுமா என்ற கேள்வி. தயிரில் இருக்கிற மாதிரி விஷயம், கெடுதல் வராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 15 ஆஸ்பத்திரிகள், 298 நோயாளிகள். 2008இல் முடிவு வந்தபோது, பாக்டீரியா கொடுத்தவர்களில் 24 பேர் இறந்திருந்தார்கள், கொடுக்காதவர்களில் 9 பேர். அதை ஒளிக்காமல் அப்படியே லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதற்கு எவ்வளவு மனஉறுதி வேண்டும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

அதே குழு உங்கள் அண்ணனுக்கு நடந்த ஆபரேஷனையே சோதித்து, 2010இல் முடிவை வெளியிட்டது. அழுகிய பகுதியில் தொற்று வந்த 88 பேர், 19 ஆஸ்பத்திரிகள். பாதிப் பேருக்கு வழக்கம்போல் வயிற்றைத் திறந்தார்கள். மீதிப் பேருக்கு முதலில் ஒரு குழாய் மட்டும் போட்டுச் சீழை வடித்தார்கள், அது போதாவிட்டால்தான் சின்னத் துளை வழியாக உள்ளே போனார்கள். பெரிய சிக்கலோ மரணமோ வந்தது திறந்தவர்களில் 69 சதவீதம், படிப்படியாகப் போனவர்களில் 40 சதவீதம். குழாய் போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆபரேஷனே தேவைப்படவில்லை. இறப்பு விகிதத்தில் மட்டும் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு உலகம் முழுவதும் முதலில் குழாய்தான், அல்லது எண்டோஸ்கோப்பி வழியாக இரைப்பைச் சுவரிலிருந்து வடிப்பது.

உங்கள் அண்ணனின் டாக்டர்கள் 2003இல் செய்தது அன்றைக்கு எல்லா ஊரிலும் செய்ததுதான். அவர்கள் மேல் கோபம் இருந்தால் கொஞ்சம் இறக்கி வையுங்கள் அம்மா.

நான் மதுரையில் எம்.எஸ். சர்ஜரி முதல் வருஷம். அமெரிக்கா போகும் எண்ணம் இல்லை. இங்கிருந்தே கணையத்தில் எதாவது செய்ய முடியுமா?
(முதுநிலை மாணவர், மதுரை)

தம்பி, கணையத்தில் நம் பக்கத்துக்கென்றே ஒரு நோய் இருக்கிறது. குடிப்பழக்கம் கிடையாது, வயது இருபதுகூட ஆகியிருக்காது, அடிக்கடி வயிற்று வலி, ஸ்கேன் எடுத்தால் கணையக் குழாய் முழுக்கக் கல், சில வருஷத்தில் சுகர். வெப்ப மண்டலக் கணைய அழற்சி. 1959இல் இந்தோனேசியாவில் ஜூய்டிமா விவரித்தார், கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நோயாளிகளை வருஷக்கணக்காகத் தொகுத்து 1968இல் புத்தகமே எழுதினார். மரவள்ளிக் கிழங்குதான் காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். 2002இல் ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. ஆராய்ச்சி நிலையம் உட்படப் பல குழுக்கள் ஸ்பிங்க்-1 மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள்; செல்லுக்குள் டிரிப்சின் என்ற செரிமான நொதி விழித்துக்கொண்டால் அதை அடக்கும் புரதத்தைத் தருவது அந்த மரபணு. ஆனாலும் அந்த மாற்றம் இருந்தும் ஒரு வலியும் இல்லாமல் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் சிலருக்கு மட்டும் என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது, அந்த நோயாளிகள் உங்கள் ஓ.பி.யில் வரிசையில் நிற்கிறார்கள்.

அங்கே மாதிரி இரண்டு வருஷம் தனியாக ஒதுக்கித் தர மாட்டார்கள், அது உண்மையான குறை. ஆனால் எம்.எஸ்.சுக்குத் தீசிஸ் கட்டாயம். அதை ஒப்பேற்றிவிடாதீர்கள். பின்னால் முழுநேரமாகச் செய்ய ஆசை வந்தால் மருத்துவர்களுக்கான இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப் இருக்கிறது, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008இலிருந்து நடத்துவது. அதற்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு நல்ல கேள்வியும் கொஞ்சம் தரவும் இருக்க வேண்டும்.

இந்த வாரமே செய்ய ஒரு வேலை: உங்கள் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமுக்குப் போய், போன ஐந்து வருஷத்தில் கணையக் கல்லுக்கு ஆபரேஷன் ஆனவர்கள் எத்தனை பேர், அப்போது அவர்களுக்கு என்ன வயது, சுகர் இருந்ததா, இப்போது வலி இருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள், நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலில் வாங்கிக்கொண்டு. முப்பது பேர் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள்.